பேராசிரியர் சொன்னதை எழுதியவள்

வால்புர்கா ஃபெரன்பாஹ் நிமிடத்துக்கு இருநூற்று அறுபது அசைகள் எழுதுவாள். 1926இல் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த சுருக்கெழுத்துப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தபோது, இரண்டாவதாக வந்த ரயில்வே குமாஸ்தா, "இந்தப் பொண்ணு, பேசுறவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சுடுது" என்று பொருமினாராம். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அவள் ரயிலேறினாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தன் தொழிலில் தனக்கு மேல் ஆளில்லை என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது, சாகும்வரை போகவில்லை. அது வெறும் நினைப்பும் அல்ல.

அவள் அப்பா கருங்காட்டு மலையின் மேல் பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். இடது கையில் இரண்டு விரல்களை ஆலைக்குக் கொடுத்தவர். மகள் கடிகாரக் கம்பெனி அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் சுருக்கெழுத்து கற்றபோது, "கோழி கிளறுன மாதிரி இருக்கு, இதுக்குச் சம்பளம் வேற குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள். 1927இல் மலையடிவாரத்துப் பல்கலைக்கழக நகரத்திலிருந்து அவளைத் தேடி ஆள் வந்தது. தத்துவப் பேராசிரியர் ஒருவருக்குச் சுருக்கெழுத்தாளர் வேண்டும். ஏற்கெனவே மூன்று பேர் வந்து, தலைவலி என்று போய்விட்டார்கள்.

பேராசிரியர் கான்ராட் ஐஸென்லோருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. முதல் போரில் குண்டுச் சிதறல் பட்டு இடது கால் கொஞ்சம் இழுக்கும். காகிதமே இல்லாமல் பேசுவார். கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே பேசுவார். குரல் தாழ்ந்தது. முந்நூறு மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து கேட்பார்கள். அவர் வாக்கியம் ஒன்று கிளம்பினால், வினைச்சொல் வந்து சேர்வதற்குள் கேட்பவனுக்குப் பசி எடுத்துவிடும்.

வேலைக்கு எடுக்கும்முன் அவளை உட்காரவைத்துப் பத்து நிமிடம் வேண்டுமென்றே சிக்கலாகப் பேசினார். பிறகு, "படிங்க பாக்கலாம்" என்றார்.

அவள் படித்தாள். நடுவில் நிமிர்ந்து, "இந்த இடத்துல 'அதாவது'ன்னு ஆரம்பிச்சு விட்டுட்டீங்க. அதையும் படிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

ஐஸென்லோர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பது அபூர்வம் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பக்கத்தில் நின்றிருந்த உதவியாளரும் சிரித்தார். அவர் டாக்டர் யூலியஸ் பிக்கார்ட், இருபத்தெட்டு வயது, யூத மாட்டு வியாபாரி ஒருவரின் மகன். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் அவளுடைய தட்டச்சுப் பிரதியைத் திருத்துவது அவர் வேலை. "எங்கப்பா சந்தையில மாட்டோட பல்லப் பாப்பாரு. நான் இங்க வாக்கியத்தோட பல்லப் பாக்குறேன். ரெண்டுலயும் கிழடு எது, கன்னு எதுன்னு தெரிஞ்சுடும்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய அம்மா ரெகீனா செர்ரிப் பழக் கேக் கொடுத்தனுப்புவார். அதில் ஒரு பெரிய துண்டு வால்புர்காவுக்கு என்று தாளில் சுற்றித் தனியாக இருக்கும்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. அவள் வாழ்க்கையில் அவையே நல்ல வருடங்கள்.

பேராசிரியர் சொன்னது எல்லாம் அவளுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 1929 குளிர்காலத்தில் அவர் சொன்ன ஒன்று ஆணி அடித்த மாதிரி அவளுக்குள் இறங்கிவிட்டது. "நாம் கேள்வி கேட்கிறோம் என்று நினைக்கிறோம். இல்லை. நாம் பிறப்பதற்கு முன்பே கேள்வி இருக்கிறது. அது நம்மைக் கேட்கிறது: நீ யார், கிடைத்த வாழ்வை வைத்து என்ன செய்தாய்? பெரும்பாலோர் ஊரார் சொல்லும் பதிலையே தாமும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். தன் வாயால் தன் பதிலைச் சொல்லத் துணிகிறவன் ஒருவனே விழித்திருக்கிறான்."

அந்தக் குளிர்காலத்தில்தான் அவளை ஆலை முதலாளியின் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பேச்சு. அப்பா சரி, அண்ணன் சரி, பாதிரியார் சரி, பால்காரர் உட்பட எல்லாரும் 'சரி' என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "நான் மாட்டேன்" என்றாள்.

"ஏன்டி, பையனுக்கு என்ன குறை?" என்றாள் அம்மா.

"பையனுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் பதில் சொல்லிட்டீங்க, என்னைத்தான் யாரும் கேக்கல."

அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். "இந்தக் கோழிக் கிறுக்கல் பண்ணின வேலை" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக ஒருநாளும் வருந்தியதாகத் தெரியவில்லை.

சுருக்கெழுத்தை அவள் பழைய முறையில் கற்றவள். அதற்கு மேல், பேராசிரியர் அடிக்கடி சொல்லும் சொற்களுக்கென்று தானே இருநூறு குறிகள் உண்டாக்கிக்கொண்டாள். 'கேள்வி' என்பதற்கு ஒரு வளைவு. 'பதில்' என்பதற்கு அதே வளைவு, கவிழ்ந்து. இதனால் அவள் நோட்டை அவளைத் தவிர உலகத்தில் ஒருவராலும் படிக்க முடியாமல் போயிற்று.

1933 வசந்தத்தில் நாடு தலைகீழானது. ஏப்ரலில், அரசு வேலையில் யூதர்கள் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அதே மாதம் ஐஸென்லோர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சட்டையில் ஆளுங்கட்சியின் சின்னத்தைக் குத்திக்கொண்டார். பிக்கார்ட் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது வால்புர்கா போய் நின்றாள்.

"ஐயா உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"வருத்தமா இருக்குன்னார். ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னார். ஜன்னலுக்கு ரொம்ப ஆறுதலா இருந்திருக்கும்." பிக்கார்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். "பாசெல்ல என் சித்தப்பா மகன் இருக்கான். ஆத்தத் தாண்டினா ஸ்விட்சர்லாந்து. அங்க வாக்கியத்துக்குப் பல்லு இருக்கான்னு பாக்குறேன்."

அந்த வசந்தத்தில் தான் என்ன நினைத்தாள் என்பதை வால்புர்கா பிற்காலத்தில் யாரிடமும் பூசி மெழுகியதில்லை. பிக்கார்டுக்காக வருந்தினாள். ஆனால் தன் பேராசிரியர் தலைவரானதில் அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. பதவியேற்பு உரை முடிந்ததும் மாணவர்கள், அந்த ஊர்ப் பல்கலைக்கழக வழக்கப்படி, விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

உரைகளில் அவர் கால்வாசி நேரம் மலை விவசாயியைப் புகழ்ந்தார். மண்ணோடு பேசுகிறவன், மண் அவனோடு பேசுகிறது என்றார். ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் வால்புர்காவைக் காட்டி, "இதோ, மண்ணின் மகள்" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. முந்தின கோடையில்தான் அவர், வாற்கோதுமை வயலைப் பார்த்து, "கோதுமை நல்லா விளைஞ்சிருக்கு" என்று சொல்லக் கேட்டிருந்தாள்.

1934 கோடை வகுப்புகளில் அவளுக்கு ஒரு புதுக் குறி தேவைப்பட்டது. 'மக்களினம்' என்ற சொல்லை முன்பெல்லாம் முழுதாக எழுதுவாள். எப்போதோ ஒருமுறை வரும் சொல். இப்போது வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தது. கை வலித்தது. இரண்டாவது வாரத்தில் அதற்கு ஒரு புள்ளியும் கோடும் வைத்துச் சுருக்கிக்கொண்டாள். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஜன்னலருகில் நின்று சொன்னார்: "கேள்வி இனித் தனியாளிடம் கேட்கப்படவில்லை. ஒரு மக்களினத்திடம் கேட்கப்படுகிறது. பதில் சொல்லும் வாய் ஒன்றே. அந்த வாயின் பேச்சு கேட்காதவன் இந்த மண்ணில் விருந்தாளியாகக்கூட இருக்க முடியாது."

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார். அவள் இரண்டு முறையும் எழுதினாள். ஓரத்தில், எப்போதும் செய்வதுபோல், 'மேசைத் தட்டு, ஒரு நிமிடம்' என்று குறித்தாள். பென்சிலை வைத்துவிட்டு அவளும் தட்டினாளா? அன்றைக்குத் தட்டவில்லை. 'விருந்தாளி' என்று எழுதிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். எழுந்து போகவும் இல்லை.

இலையுதிர் காலத்தில் பாசெல் நூலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் பிக்கார்டுக்கு வேலை கொடுக்க யோசிக்கிறோம், அவரைப் பற்றித் தங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். ஐஸென்லோர் நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினார். "டாக்டர் பிக்கார்ட் கூர்மையானவர். ஆனால் அது வேரில்லாத கூர்மை. நம் காலத்தின் கேள்வி அவர் காதில் விழுவதில்லை. எந்த நிறுவனத்தில் அவர் இருந்தாலும் மற்றவர்களின் வேரையும் தளர்த்துவார்…"

வால்புர்காவின் கை நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அவர்.

"பென்சில் மொட்டையாயிடுச்சுங்க ஐயா."

மொட்டையாகவில்லை. அவர் தன் பென்சிலை நீட்டினார். அவள் வாங்கி, மிச்சத்தை எழுதினாள். தட்டச்சு செய்தாள். கையெழுத்து வாங்கினாள். தபாலிலும் அவளே சேர்த்தாள்.

அடுத்த வருடம் ஐஸென்லோர் தலைவர் பதவியை விட்டார்; மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பேச்சு. கட்சி அட்டையை மட்டும் விடவில்லை. கடைசி நாள்வரை சந்தா கட்டினார். வால்புர்கா அவரிடமே வேலை பார்த்தாள்.

1940 அக்டோபரில் ஒரு காலை, வகுப்புக்குப் போகும் வழியில், தெருமுனையில் லாரி ஒன்று நின்றிருந்தது. போலீஸ்காரர்கள் ஊரில் மிச்சமிருந்த யூதர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரெகீனா பிக்கார்ட் ஒரு பெட்டியோடு வரிசையில் நின்றார். குளிருக்கு இரண்டு கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். வால்புர்காவைப் பார்த்தார். வால்புர்காவும் பார்த்தாள். பத்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. பேராசிரியர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த ரயில் பிரான்சின் தெற்கு மலையடிவாரத்து முகாமுக்குப் போனது என்பதும், ரெகீனா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்பதும் போருக்குப் பிறகுதான் தெரிந்தன.

1944 நவம்பரில் ஊர்மேல் குண்டு விழுந்தது. தத்துவத் துறைக் கட்டடம் எரிந்தது. அவள் தட்டச்சு செய்த பிரதிகள் உட்பட, பேராசிரியரின் காகிதங்கள் எல்லாம் சாம்பல். வால்புர்காவின் நோட்டுகள் தப்பின. அவள் குடியிருந்த வீட்டு நிலவறையில் ஈரம் என்று, அந்தக் கோடையிலேயே அறுபத்து மூன்று நோட்டுகளையும் உருளைக்கிழங்குச் சாக்கில் கட்டி, பால் வண்டியில் ஏற்றி, அண்ணன் வீட்டுப் பரணுக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரி ஹிம்மல்ஸ்பாஹ் அம்மாள், "துணிமணிய விட்டுட்டு யாராச்சும் கிறுக்கல மூட்டை கட்டுவாங்களா?" என்று திட்டினாள். துணிமணி எரிந்துபோனது.

போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். யார் யார் கட்சியோடு எவ்வளவு ஒட்டியிருந்தார்கள் என்று விசாரிக்கக் குழு அமைந்தது. 1946இல் வால்புர்காவைச் சாட்சியாக அழைத்தார்கள். குழுத் தலைவர் கேட்டார்: "டாக்டர் பிக்கார்ட வேலையிலேர்ந்து நீக்கச் சொல்லி இவர் உத்தரவு போட்டாரா?"

"இல்லீங்க. அது சட்டம்."

"மாணவர்களை யூதர்களுக்கு எதிரா அடிதடிக்குத் தூண்டினாரா?"

"இல்லீங்க."

"சரி, போகலாம்."

அவள் போனாள். கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐஸென்லோருக்கு ஐந்து வருடம் கற்பிக்கத் தடை, அவ்வளவோடு முடிந்தது. அவளுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் அவளை மிஞ்ச ஆளில்லை. நீதிபதிகள் அவளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில்தான் அது நடந்தது. மேல் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர், எல்லைக் கல்லை நகர்த்திய வழக்கில் சாட்சி. முந்தைய விசாரணையில் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார்.

"நான் எங்க பொய் சொன்னேன்?" என்றார் விவசாயி. "கல்ல நீ நகத்தினியான்னு கேட்டாங்க, இல்லேன்னேன். யாரு நகத்தினான்னு கேட்டாங்களா? கேக்கல. கேக்கல, சொல்லல."

நீதிமன்றமே சிரித்தது. வால்புர்கா எழுதினாள். எழுதிய வரியைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டில், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே ஹிம்மல்ஸ்பாஹ் அம்மாளிடம், "நானும் கல்லு நகத்தின கேசுதான்" என்றாள். கடிதத்தைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்து ஒருவரிடம் சொன்னாள். ஹிம்மல்ஸ்பாஹ் அம்மாள் கடைசிவரை கேட்டாள். "அப்ப இனிமே யாராவது கேக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்காத" என்றாள்.

சந்தர்ப்பம் 1952இல் வந்தது. ஐஸென்லோர் இப்போது முன்னைவிடப் பெரிய ஆள். பாரிஸிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். 1934 கோடை வகுப்புகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகம் முன்வந்தது. காகிதம் எரிந்துவிட்டதால், அந்த வகுப்புகள் இருப்பது ஒரே இடத்தில்: வால்புர்காவின் ஆறு நோட்டுகளில். பேராசிரியர் அழைத்தார், அவள் சம்மதித்தாள். நான்கு மாதம், நீதிமன்றம் முடிந்த பிறகு உட்கார்ந்து, அசை விடாமல் தட்டச்சு செய்து கொடுத்தாள். முதல் பக்கத்தில், 'வா. ஃபெரன்பாஹின் சுருக்கெழுத்துப் பதிவின்படி' என்று போடுவதாகப் பேச்சு.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆள் அனுப்பினார். அவர் படிப்பறையில் பதிப்பகத்தின் ஷ்னெட்ஸ்லர் என்பவரும் இருந்தார். ஐஸென்லோருக்கு அறுபத்தாறு வயது. கால் இப்போது நன்றாகவே இழுத்தது. மேசையில் அவளுடைய பிரதி, ஒரு பக்கத்தில் சிவப்பு மை.

"செல்வி ஃபெரன்பாஹ், அருமையான வேலை" என்றார். "ஒரு இடத்துல மட்டும் ஏதோ தப்பு விழுந்திருக்கு. 'ஒரு காலத்திடம் கேட்கப்படுகிறது'ன்னு நான் சொன்னேன். நீங்க 'மக்களின'த்தக் கொண்டுவந்துட்டீங்க. அந்த விருந்தாளி வாக்கியத்த நான் சொல்லவே இல்ல."

வால்புர்கா பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீதிமன்றத்தில் படிக்கும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். "'இந்த மண்ணில் விருந்தாளியாகக்கூட இருக்க முடியாது.' திரும்பவும், 'இந்த மண்ணில் விருந்தாளியாகக்கூட இருக்க முடியாது.' மேசைத் தட்டு, ஒரு நிமிடம்."

"அந்த நோட்டுல இருக்கறத உங்களத் தவிர யாரால படிக்க முடியும்? நீங்க சொல்றதுதான்."

"ஆமாங்க ஐயா. இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றதுதான். அப்ப எல்லாம் சரியா இருந்துச்சு, இந்த ரெண்டு வரி மட்டும் தப்பாப் போச்சா?"

ஷ்னெட்ஸ்லர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஐஸென்லோர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஒரு வாக்கியம். என் வாழ்நாள் சிந்தனைல ஒரே ஒரு வாக்கியம்."

"ஒண்ணு இல்லீங்க. 1932 குளிர்கால வகுப்புல 'மக்களினம்' மூணு தடவ வருது. இதுல இருநூத்திப் பதினாலு தடவ. நான் அதுக்குன்னு புதுசா ஒரு குறி உண்டாக்க வேண்டியிருந்துச்சு. முன்னாடி 'தனியாள்' நின்ன இடத்துலெல்லாம் அது வந்து உக்காந்துக்கிச்சு. மத்த வார்த்தைய அப்படியே வெச்சீங்க, ஆள மட்டும் மாத்திட்டீங்க. எனக்குத் தத்துவம் தெரியாது. ஆனா எந்த நாற்காலியில யாரு உக்காந்தாங்கன்னு தெரியும்."

"என் சிந்தனைய எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"நீங்க சொன்னதத்தான் சொல்றேன். எடுக்கணும்னா எடுங்க, உங்க புத்தகம். ஆனா என் பேரப் போடாதீங்க. இன்னொண்ணு. பாசெல் நூலகத்துக்கு டாக்டர் பிக்கார்டப் பத்தி நீங்க சொன்ன கடிதமும் ஒரு நோட்டுல இருக்கு. தட்டச்சு பண்ணினது நான்."

ஐஸென்லோர், அவளைப் பார்க்காமல், "நீங்களும்தான் இருந்தீங்க" என்றார்.

"இருந்தேன்" என்றாள் வால்புர்கா. "அதையும் எழுதித்தான் குடுக்கப்போறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தாள். அறுபத்து மூன்று நோட்டுகளையும் மாநில ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் குறிகளுக்கெல்லாம் விளக்கம் எழுதிய பதினான்கு பக்கமும் கூடவே கொடுத்தாள். இனி யாரும், நோட்டில் இருப்பது அவள் சொல்வதுதான் என்று சொல்ல முடியாது. மேலே ஒரு வாக்குமூலம்: 'இவை நான் கேட்டபடி எழுதப்பட்டவை. 1934 அக்டோபர் கடிதத்தை எழுதி, தட்டச்சு செய்து, தபாலில் சேர்த்தவள் நான். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 1946இல் குழுவின் முன் இதைச் சொல்லவில்லை. கேட்கப்படவில்லை என்பது காரணம் ஆகாது.'

புத்தகம் 'ஆசிரியரால் திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு, 'காலம்' என்ற சொல்லோடு வெளிவந்தது. அடுத்த வருடம் பள்ளி ஆசிரியர் ஒருவர் காப்பகத்தில் உட்கார்ந்து, பதினான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டு வடிவத்தையும் ஒரு வார இதழில் அருகருகே போட்டுவிட்டார். நாடெங்கும் சண்டை. ஒரு கூட்டம் அவர் மகான் என்றது. இன்னொரு கூட்டம் அவர் எழுதியதையெல்லாம் கொளுத்தச் சொன்னது. ஐஸென்லோர், இது ஒரு தட்டச்சுக்காரியின் மனக்கசப்பு என்று ஒரே வரியில் பதில் எழுதினார். பேக்கரிக்காரர் மனைவி வால்புர்காவுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். ஹிம்மல்ஸ்பாஹ் அம்மாள் அதற்குப் பதிலாக வேறு கடையில் ரொட்டி வாங்க ஆரம்பித்தாள். "அவ ரொட்டி எப்பவுமே வேகாது. காரணம் கெடைக்காம இருந்தேன்" என்றாள்.

பத்திரிகைக்காரன் ஒருவன் வீடு தேடி வந்து, "அப்ப அவர் தத்துவமெல்லாம் பொய்யா?" என்று கேட்டான்.

"1929ல அவர் சொன்னதக் கேட்டுத்தான் நான் என் வாழ்க்கைய முடிவு பண்ணினேன். அது சரியான முடிவு" என்றாள் அவள். "அவர் அத சொன்னார். அப்புறம் அவரே அத வித்துட்டார். வித்தவர் அவர், நான் ஏன் என் பங்கத் தூக்கிப் போடணும்? ஆனா எந்தக் கதவத் தொறந்து வெச்சதால அந்த 'மக்களினம்' உள்ள வந்துச்சுன்னு படிக்கிறவங்க பாக்கணும். 'விழிச்சிருக்கறவன் ஒருத்தன்தான்'னு கேக்கறப்போ எங்களுக்கெல்லாம் நாமதான் அந்த ஒருத்தன்னு தோணுச்சு. மத்தவங்க தூங்குறாங்கன்னு ஒரு இளக்காரம். அதுல எனக்கும் பங்கு உண்டு. இத அப்படியே எழுதுங்க, வெட்டாதீங்க."

வெட்டித்தான் போட்டார்கள்.

பிக்கார்ட் உயிரோடு இருப்பதை அந்தச் சண்டையின்போதுதான் அவள் அறிந்தாள். கடல் கடந்து, மாண்டெவிடியோ நகரில் பள்ளியொன்றில் லத்தீன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாசெல் கடிதத்தின் நகலை வைத்து, நடந்ததை எழுதி அனுப்பினாள். மன்னிப்புக் கேட்கும் சொற்களை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் கிழித்துவிட்டு, 'செய்தது நான்' என்று மட்டும் எழுதினாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'அன்புள்ள செல்வி ஃபெரன்பாஹ், அந்தக் கடிதத்தை நான் 1935இலேயே பார்த்துவிட்டேன். பாசெல் நூலகர் நல்ல மனிதர். வேலை தர முடியாததற்குக் காரணத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டு வெளியே போனார். கீழே இடது மூலையில், சொன்னவர் பெயரின் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில், தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்துகள் இருந்தன. உங்கள் தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. அது அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்தது. இந்தப் பெயரெழுத்துகள் ஒருநாள் எனக்குக் கடிதம் எழுதுமா என்று பதினெட்டு வருடம் யோசித்திருக்கிறேன். எழுதிவிட்டன. மன்னிப்பதாக நான் சொல்லவில்லை. பதில் எழுதுகிறேன்.'

அதன் பிறகு மாதம் ஒரு கடிதம் போய்வந்தது. பெரும்பாலும் சண்டை: 1930இன் இந்த வாக்கியத்தில் அவர் சொன்னது இதுவா, அதுவா என்று.

1957 ஜூனில் பிக்கார்ட் வந்தார். ரயில் நிலையத்தில் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர் தலை முழுதும் நரைத்திருந்தது. பேச்சில் ஸ்பானிய வாடை. வால்புர்காவின் அறையில் காபி குடித்துக்கொண்டு, ஊரில் எது எரிந்தது, எது கட்டப்பட்டது என்று ஒரு மணி நேரம் பேசினார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "எங்கம்மாவக் கடைசியா நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றாள் வால்புர்கா.

அவர் மேலே கேட்கவில்லை. அவள் காத்திருக்கவில்லை. லாரி எந்தத் தெருமுனையில் நின்றது, எத்தனை பேர் வரிசையில் இருந்தார்கள், இரண்டு கோட்டுகளில் மேலே இருந்தது பழுப்பு என்பது, பெட்டியின் கைப்பிடி கயிற்றால் கட்டியிருந்தது, போலீஸ்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொடுத்தது, ரெகீனா அவரிடம் நன்றி சொன்னது, தன்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தது, தான் அசைக்காமல் நின்றது, மணி ஒன்பது இருபது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாக ஒன்றையும் சேர்க்கவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று.

பிக்கார்ட் அழுதார். பிறகு, "நன்றி சொன்னாங்களா, அந்தப் போலீஸ்காரனுக்கு?" என்றார். "சொல்லியிருப்பாங்க. அதான் எங்கம்மா."

அவர் மூன்று வாரம் தங்கினார். ஹிம்மல்ஸ்பாஹ் அம்மாள் வெங்காய அடை சுட்டுப் போட்டாள். தினமும் காலையில் காப்பகத்துக்குப் போய் இருவரும் நோட்டுகளைப் படித்தார்கள். அவள் படிப்பாள், அவர் இடைமறிப்பார். காப்பகத்துக்காரர் இரண்டு முறை வந்து சத்தம் போடாமல் படிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஐஸென்லோர் 1961இல் இறந்தார். கடைசிவரை அந்த வாக்கியத்தைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வால்புர்கா போனாள். பின்வரிசையில் நின்றாள். சிலர் முறைத்தார்கள், ஒருவர் நேராகவே, "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"பதினேழு வருஷம் அவர்கிட்ட வேலை பாத்தேன்" என்றாள்.

நீதிமன்றத்தில் ஓய்வுபெறும்வரை வேலை செய்தாள். அதற்குப் பிறகு பத்து வருடம், வாரத்தில் மூன்று நாள் காப்பகத்துக்குப் போய், மிச்ச நோட்டுகளைத் தட்டச்சு செய்தாள். இறக்கும்போது ஐம்பத்தெட்டை முடித்திருந்தாள். மீதி ஐந்தைப் பதினான்கு பக்க விளக்கத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் முடித்தார். அவளைவிட அவருக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது.